அம்மாயியின் குளிசையும் 80–125 கணக்கும்

"அந்த மலிவு குளிசை வேணாம்மா, அதுல மருந்து கம்மி." கண்டி டவுன் பாமசியில் எங்களில் ஒருத்தியின் அம்மாயி சொன்னது. படித்த நாங்களும் "80 வீதம் இருந்தாலே பாஸாம்" என்று அதையேதான் சொல்லித் திரிகிறோம். தப்பு.

ஒரே ஆட்களுக்கு இரண்டு குளிசையையும் நாள் இடைவெளி விட்டுக் கொடுத்து, இரத்தத்தில் மொத்தம் எவ்வளவு சேர்ந்தது, உச்சம் எவ்வளவு என்று அளக்கிறார்கள். விகிதத்தின் சராசரி மட்டும் 80ஐத் தாண்டினால் போதாது. அந்தச் சராசரி எவ்வளவு தூரம் ஆடலாம் என்று காட்டும் 90 வீத நம்பிக்கை இடைவெளி முழுசாக 80–125க்குள் நிற்கணும். சராசரியே 82 என்றால் கீழ்முனை அநேகமாக 80க்குக் கீழே, ஃபெயில். (ஏன் 120 இல்லை? 100ஐ 80ஆல் வகுத்துப் பாருங்கள்.) அமெரிக்க எஃப்.டி.ஏ. 1996–2007 காலத்து 2,070 ஆய்வுகளைப் பார்த்தபோது, மொத்த அளவில் சராசரி வித்தியாசம் 3.56 வீதம்தான்.

பேராதனை மருத்துவ பீடத்தில் இருந்த சேனக பிபிலே, 1971இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் வழியாக மலிவு மருந்துக்கு வழி திறந்தார். நம்பிக்கையை யார் தருவது? மருந்தைப் பதியும் அதிகாரசபை இந்த இடைவெளிகளை எல்லாரும் பார்க்க வெளியிடட்டும். அம்மாயிக்கு நாங்கள் வாசித்துக் காட்டுகிறோம்.