அப்ரண்டிஸின் பக்கத்து நாற்காலி

பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களுக்குள் கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு காலைதோறும் நுழைகின்ற யுவ யுவதிகளில் ஒரு சாரார் உத்தியோகஸ்தரும் அல்லர், மாணாக்கரும் அல்லர் என்பதை வெளியில் நிற்பவர் அறிய மாட்டார். அவர்கள் அப்ரண்டிஸ்கள், சர்க்கார் பாஷையில் தொழில் பழகுநர்கள். பையன் பெரிய கம்பெனியில் சேர்ந்துவிட்டான் என்று ஊரில் தாயார் பெருமையோடு சொல்லிக்கொள்வதும், அதே பையனைத் தொழிலாளி அல்லன் என்று சட்டம் தீர்மானமாக ஒதுக்கிவைப்பதும் ஏககாலத்தில் உண்மையாக இருக்கின்றன.

1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் இயற்றப்பட்டபோது அதன் கண்முன் இருந்தவை கடைசல் இயந்திரங்களும் ஃபிட்டர்களும் நிறைந்த ஆலைகளே. பொறியியல் பட்டதாரிகளையும் டிப்ளமோ படித்தவர்களையும் 1973-இல் செய்த திருத்தம் அதன் வரம்புக்குள் கொண்டுவந்தது. பழகுநர் பயிற்சி பெறுபவரேயன்றித் தொழிலாளி அல்லர் என்று 18-ஆம் பிரிவு கூறுகிறது. வேலையில் காயம்பட்டால் நஷ்டஈடு போன்ற சில பாதுகாப்புகளை மட்டும் வேறு பிரிவுகள் அளிக்கின்றன. முப்பது பேருக்குக் குறைவான சிறு ஸ்தாபனங்களை விட்டுத்தள்ளினால், மற்ற ஸ்தாபனங்கள் தம் ஆட்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை வைத்துக்கொள்ள வேண்டும் என்றும், பட்டதாரிப் பழகுநருக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் உதவித்தொகை தர வேண்டும் என்றும் 2019-இல் விதிகள் திருத்தப்பட்டன. துரைப்பாக்கத்திலோ பெருங்குடியிலோ நான்கு பேர் தங்கும் அறையில் ஒரு கட்டிலுக்கு வாடகை கொடுத்து, மெஸ்ஸுக்கும் கொடுத்துவிட்டால் அந்தத் தொகையில் என்ன மிஞ்சும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

ஆயினும் பணத்தைப் பற்றி வாதாடப் பலர் இருக்கிறார்கள்; என் அபிப்பிராயம் வேறொரு பற்றாக்குறையைப் பற்றியது. உறவினர் வீட்டுப் பையன் ஒருவன், தென்மாவட்டக் கல்லூரி ஒன்றில் படித்துவிட்டு இப்படிப்பட்ட பெரிய நிறுவனம் ஒன்றில் அப்ரண்டிஸாக இருக்கிறவன், தன் முதல் மாதங்களைப் பற்றிச் சொன்னது இது. அவனுக்கு லேப்டாப் கொடுத்தார்கள், அழகிய வகுப்பறையில் ஜாவா சொல்லிக்கொடுத்தார்கள், பார்க்கச் சொல்லி வீடியோக்களை மலைபோல் குவித்தார்கள். பிறகு ஒரு குழுவில் உட்காரவைத்து, சிறிய பக் ஒன்றைச் சரிசெய்யும்படி டிக்கெட் போட்டார்கள். புரோகிராமை ஓட்டினான், திரை நிறையச் சிவப்பு எழுத்துகளில் நூறு வரிகளுக்குப் பிழைச் செய்தி கொட்டியது. முதல் வரியையே திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டு மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தான். யாரைக் கேட்பது? எல்லோர் காதிலும் ஹெட்ஃபோன்.

கடைசியில் அடுத்த வரிசையிலிருந்த ஒரு சீனியர் அம்மணி, காப்பிக்கு எழுந்தவர், இவன் திரையைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாராம். “மேலேயே ஏம்ப்பா நிக்கற? கீழ போ. ‘காஸ்ட் பை’னு கடைசியா எங்க வருதோ, அங்கேர்ந்து படி. அதுல நம்ம எழுதின ஃபைல் பேரு எங்க இருக்குன்னு தேடு.” ஐந்து நிமிஷத்தில் வியாதி எது, அதனால் வந்த ஜுரம் எது என்று பையனுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டது. அங்கே எல்லோரையும் பெயர் சொல்லியே கூப்பிட வேண்டும் என்பது வழக்கமாம். அன்று முதல் அந்த அம்மணியை மட்டும் அவன் அக்கா என்கிறான்.

அந்த ஐந்து நிமிஷம் எந்த வீடியோவிலும் இல்லை என்பதல்ல என் வாதம். எங்காவது இருக்கவே செய்யும். எந்தச் சமயத்தில் அது வேண்டும் என்று அறிந்து பக்கத்தில் வந்து உட்காரும் ஒரு மனிதர்தான் அப்பியாசம் என்பதன் சாரம். அவரை மட்டும் நிறுவனங்கள் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை. கோட் ரிவ்யூவில் ‘இதை மாற்று’ என்று இரண்டு சொல் எழுதுகிறவருக்கும், ஏன் மாற்ற வேண்டும் என்று பத்து வரி எழுதுகிறவருக்கும் வருஷாந்தர மதிப்பீட்டில் பேதம் கிடையாது. பேதம் இருந்தால், பத்து வரி எழுதியவர் தம் சொந்த டிக்கெட்டுகளில் பின்தங்கிவிட்டார் என்பதாகத்தான் இருக்கும். இப்போதோ, அப்ரண்டிஸ் கைபழகுவதற்கென்றே ஒதுக்கிவைத்தாற்போலிருந்த சில்லறைப் பிழைகளைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நொடியில் திருத்திவிடுவதால், அவனுக்குக் கிடைப்பது அந்தக் கருவி எழுதியதைச் சரிபார்க்கும் வேலை. எழுதிப் பழகாதவன் எதைக் கொண்டு சரிபார்ப்பான்?

வேறு வழியே இல்லை என்று சொல்ல முடியாது. ஜோஹோ நிறுவனம் பட்டத்தைக் கேளாமல், பள்ளிப்படிப்போ டிப்ளமோவோ முடித்த பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, கட்டணம் வாங்காமல் உதவித்தொகையும் கொடுத்துப் பழக்குகின்ற பள்ளியை இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடத்திவருகிறது. ஜெர்மனியில் 1969-ஆம் ஆண்டின் தொழிற்பயிற்சிச் சட்டத்தை அடியொற்றி, பழகுநருக்குக் கற்பிப்பவர் தம் தொழிலில் மட்டுமன்றிக் கற்பிக்கும் முறையிலும் தேர்ச்சி உள்ளவர் என்று காட்ட வேண்டும் என்ற விதி ஏற்பட்டது. அதற்கெனத் தனிப் பரீட்சையே இருக்கிறது. நம் சட்டத்தின் 11-ஆம் பிரிவும், தகுதியுள்ள ஒருவரின் பொறுப்பில் பயிற்சி நடக்க வேண்டும் என்றுதான் விதிக்கிறது. நடைமுறையில் அந்த ‘மென்ட்டர்’ பெரும்பாலும் ஒரு பெயராக நின்றுவிடுகிறார்.

ஒவ்வொரு பழகுநர் ஒப்பந்தத்திலும் கற்பிப்பவரின் பெயரும், வாரத்தில் அவர் அதற்கென ஒதுக்கும் மணி நேரமும் எழுதப்பட வேண்டும். அந்த மணி நேரத்தை அவருடைய சொந்த வேலையின் அளவிலிருந்து நிறுவனம் கழித்துக்கொள்ளவும் வேண்டும். சர்க்கார் உதவித்தொகையில் ஒரு பங்கைத் திருப்பித் தரும்போது வருகைப் பதிவேட்டைக் கேட்பதுபோல் இதையும் கேட்கலாம். சீனியர்களின் ஒரு மணி நேரம் எவ்வளவு விலையுயர்ந்தது தெரியுமா என்று நிர்வாகிகள் ஆட்சேபிப்பார்கள். தெரியும், வாடிக்கையாளருக்கு அனுப்பும் பில்லில் அவர்களே அதை மணிக்கணக்கில் போடுகிறார்கள். அப்படிக் கணக்கிடத் தெரிந்தவர்களுக்கு இன்னும் ஒரு பத்தி சேர்ப்பது சிரமமான காரியம் அல்ல.