பிரஷ் யார் கையில்?

பிள்ளைகளுக்குத் தமிழ் காதில் விழட்டும் என்று பழைய தமிழ்ப் படங்களைப் போட்டுக் காட்டுகிறோம். நல்ல விஷயம்தான். ஆனா அதில் பலவற்றில் ஒரு காமெடி காட்சி வரும். திருநங்கை ஒருவர் கைதட்டிக்கொண்டு வருவார், ஹீரோவின் நண்பன் அலறி ஓடுவான். நாம கேசட்டில் பார்த்து வளர்ந்ததும் அதே காட்சிதான். பல நேரம் அந்த வேடத்தில் இருப்பது ஓர் ஆண் நடிகர். வசனமும் கேமராவும் வேறு யார் கையிலோ. உருவம் மட்டும் திருநங்கையுடையது.

இதை அப்படியே திருப்பிப்போட்ட ஒரு குழு பெங்களூரில் இருக்கிறது. ஓவியர் பூர்ணிமா சுகுமார் 2016-ல் தொடங்கிய 'அரவாணி ஆர்ட் ப்ராஜெக்ட்'. இங்கே பிரஷ் திருநங்கைகள் கையில். தெருச் சுவர்களில், ஆளுயரத்தையும் தாண்டிய முகங்களை, பளிச்சென்ற வண்ணங்களில் அவங்களே வரைகிறார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் அந்தக் கண்களை நேராகப் பார்த்தாகணும்.

'அரவாணி' என்ற பெயர் நம்ம ஊரோடு சம்பந்தப்பட்டது. கூவாகத்தில் சித்திரைத் திருவிழாவில் அரவானைக் கணவனாக ஏற்றுத் தாலி கட்டிக்கொள்பவர்கள் என்பதால் வந்தது. இன்று தமிழில் மரியாதையான சொல் திருநங்கை. பெண்ணாக வளர்க்கப்பட்டு ஆணாக வாழ்பவர் திருநம்பி.

இந்தக் குழு 2024-ல் வெனிஸ் பினாலே கலைக் கண்காட்சியிலும் சுவரோவியம் வரைந்தது. தலைப்பு 'டயஸ்போரா'. நமக்கு ரொம்பப் பழகிய சொல்! பிறந்த வீட்டில் இடமில்லாமல் கிளம்பி, புது உறவுகளைத் தேடிக்கொள்வதும் புலம்பெயர்தல்தானே.

ஜூன் மாதம் ஸ்கூலில் ப்ரைட் கொடியைப் பார்க்கிற நம்ம பிள்ளைகள் பலருக்கு அது ஏதோ வெள்ளைக்காரர் விஷயம். அதனால இந்த வாரம் அந்தச் சுவரோவியங்களின் படங்களைத் தேடி எடுத்துக் காட்டுங்க. திருநங்கை, திருநம்பி என்ற சொற்களையும் சொல்லிக்கொடுங்க. பழைய படத்தில் அந்தக் காட்சி வந்தால் ஓட்டிவிடாதீங்க. நிறுத்தி, "இதை எழுதினது யார், நடிச்சது யார்?" என்று கேளுங்க.

தன்னைப் பற்றி இன்னும் எதுவும் சொல்லாத ஒரு பிள்ளை நம்ம வீட்டு சோபாவிலேயே இருக்கலாம். அது டிவியைப் பார்க்காது. யார் சிரிக்கிறார்கள் என்று நம்ம முகத்தைத்தான் பார்க்கும்.