கல்யாணத்தைச் சுருக்கலாமா?

சென்ற வாரம் நண்பர் ஒருவர் ஒரு பழைய கல்யாணப் படத்துடன் வந்து சேர்ந்தார். 2004-ம் ஆண்டில் அவருடைய தங்கைக்கு நடந்த விவாகம் அது. படம் மூன்று மணி நேரம் ஓடும். காமிராவின் சிறு நாடாக்களிலிருந்து கணினிக்கு மாற்றியதில் சுமார் 39 ஜிகாபைட் ஆகிவிட்டது. ஊரிலுள்ள அவருடைய தாயாருக்கோ டிவிடி பெட்டியைத் தவிர வேறொன்றும் பழக்கமில்லை. சாதாரண ஓரடுக்கு டிவிடி தகடோ 4.7 ஜிகாபைட்டுக்கு மேல் கொள்ளாது. கடைக்காரர் ஒருவர் எப்படியோ அடைத்துக் கொடுத்திருந்தார். மாலை மாற்றும் காட்சியில் மணப்பெண்ணின் முகம் கல் பாவிய தரையைப் போல் கட்டம் கட்டமாகத் தெரிந்தது!

"இது யார் குற்றம், ஐயா?" என்று கேட்டார் நண்பர்.

"கணக்குப் போடாத குற்றம்" என்றேன்.

அந்தக் கணக்கு ஒன்றும் பிரமாதமன்று. தகட்டில் அடங்குவது சுமார் 3,760 கோடி பிட்டுகள். மூன்று மணி நேரம் என்பது 10,800 விநாடி. வகுத்தால் விநாடிக்கு 35 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. நாதஸ்வர ஓசையைச் சுருக்காமல் வைத்தால் அதுவே 15 லட்சத்தை விழுங்கிவிடும். டால்பி டிஜிட்டல் முறையிலோ 2 லட்சத்தில் அடங்கும். ஓரத்துக்குக் கொஞ்சம் விட்டுவிட்டு, மிச்சத்தைப் படத்துக்குக் கொடுக்கலாம்.

டிவிடிக்குரிய எம்பெக்-2 முறை ஒவ்வொரு சட்டத்தையும் முழுமையாக எழுதுவதில்லை. ஒன்றை முழுதாக எழுதிவிட்டு, பின்வருவனவற்றில் மாறியதை மட்டும் குறித்துக்கொள்ளும். ஆகவே அசைவு மிகுந்தால் செலவும் மிகும். இதற்கு ஓர் உபாயம் உண்டு. படத்தை இருமுறை ஓடவிட வேண்டும். முதல் ஓட்டத்தில் எங்கே அமளி, எங்கே அமைதி என்று கணினி அறிந்துகொள்ளும். இரண்டாவதில், புரோகிதர் அசையாமல் அமர்ந்திருக்கும் காட்சியில் மிச்சம் பிடித்து, மாலை மாற்றும் காட்சிக்குத் தாராளமாக வழங்கும்.

அப்படியும் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தகடு நெருக்கடிதான். "பரிசு கொடுப்பவர்களின் வரிசை முக்கால் மணி நேரம் நீள்கிறதே, அதை வெட்டிவிடலாமே?" என்று யோசனை சொன்னேன். நண்பர் உடனே தாயாருக்குத் தொலைபேசியில் விஷயத்தைக் கூறினார்.

"அந்த வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் இன்றைக்கு இல்லையே! அதை எப்படி அப்பா வெட்டுவது?" என்றார் அந்த அம்மாள்.

நாங்கள் இருவரும் சிறிது நேரம் பேசவில்லை. கண்ணுக்கு எது தெரியாது என்று அறிந்து அதைத் தள்ளுகிறது யந்திரம். மனத்துக்கு எது தேவைப்படும் என்பதை அது அறியாது, நானும் அறிந்திருக்கவில்லை.

முடிவில் திருமாங்கல்ய தாரணத்துடன் முதல் தகட்டை முடித்து, மீதியை இரண்டாவதில் எழுதினோம். விநாடிக்கு இப்போது 69 லட்சம் பிட்டுகள் கிடைத்தன. மணப்பெண்ணின் முகம் மீண்டும் முகமாயிற்று.

ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். வீட்டில் எழுதும் தகட்டின் சாயம் நாளடைவில் மங்கக்கூடியது. சுருக்கித் தள்ளியதோ திரும்பி வராது. ஆகையால் தகடு தயாரானதும் அந்த 39 ஜிகாபைட் மூலத்தை அழித்துவிடாதீர்கள். இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துங்கள். ஒரு தகட்டின் விலையை மிச்சம் பிடிக்கப் போய்ப் பெரியவர்களின் முகங்களை இழக்க வேண்டாம்.