பதினாறு விக்கெட்

கடந்த விடுமுறையில் சுங்கை சிப்புட்டில் உள்ள எங்கள் வீட்டிற்கு ஈப்போவிலிருந்து மாமன் மகன் வந்திருந்தான். பேச்சு கிரிக்கெட்டில் போய் நின்றது. "நடராஜன், நடராஜன்னு ஏன் மச்சான் இப்படிக் குதிக்கிற? 2020 ஐ.பி.எல்.-ல வெறும் 16 விக்கெட். ரபாடா 30 எடுத்தான்" என்றான்.

கணக்கு சரிதான், நண்பர்களே. ஆனால் அது எதன் கணக்கு?

சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்து வீசி வளர்ந்தவர் நடராஜன். 2018இல் வாங்கிய ஐதராபாத் அணி இரண்டு பருவங்கள் அவரை ஓர் ஆட்டத்திலும் இறக்கவில்லை. 2020இல் புவனேஸ்வர் குமார் காயமடைந்து விலகியதும் கடைசி ஓவர்களின் சுமை இவர் தோளில் விழுந்தது. பத்துப் பன்னிரண்டு ஓட்டங்கள் போவது சாதாரணமான அந்த ஓவர்களைப் பெரும்பாலும் வீசியும், பருவம் முழுவதற்கும் ஓவருக்கு எட்டு ஓட்டம்தான் கொடுத்தார். மட்டையாளரின் காலடியில் போய் விழும் யார்க்கர் மட்டும் அறுபதுக்கும் மேல். 56 ஓட்டங்கள் எடுத்து நின்ற டிவில்லியர்ஸின் நடுக்குச்சியைப் பெயர்த்ததும் அப்படி ஒரு பந்துதான். வலைப்பயிற்சியில் பந்து வீசுவதற்கென்று ஆஸ்திரேலியா போனவர், அந்த ஒரே பயணத்தில் மூவகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். அதற்குமுன் எந்த இந்தியருக்கும் அது வாய்க்கவில்லை.

அமெரிக்காவின் பேஸ்பாலிலும் இதே தகராறு உண்டு. அங்கே முதலில் வீசியவர் களைத்ததும் இடையில் இறங்கும் பந்துவீச்சாளர்கள் இருக்கிறார்கள். 1959இல் பிட்ஸ்பர்க் அணியின் எல்ராய் ஃபேஸ் அப்படி இறங்கி 18 வெற்றி, ஒரே தோல்வி என்று முடித்தார். ஆனால் முன்னிலையைத் தானே கோட்டை விட்டு, சகாக்கள் அடித்து மீட்டதால் அவர் பெயரில் ஏறிய வெற்றிகளும் அதில் அடக்கம். சிகாகோ செய்தியாளர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மேன் இதைச் சகிக்காமல், முன்னிலையைக் காத்துக் கொடுத்தவருக்கென்று 'சேவ்' என்ற தனிக் கணக்கை வகுத்தார். 1969இல் அது அதிகாரப்பூர்வமானது. பாருங்கள், ஒரு கட்டம் போட்டுக் கொடுக்கவே ஓர் ஆள் தேவைப்பட்டிருக்கிறது!

என் பாட்டி பால்மரம் வெட்டியவர். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அடுத்த நிரைக்காரி பாதியில் லயத்துக்கு ஓடினால், தன் மரங்களை முடித்துவிட்டு அவளுடைய மரங்களிலும் பாட்டி பால் எடுப்பாராம். அந்தப் பால் அவள் பெயரில்தான் நிறுக்கப்படும். கிராணியின் புத்தகத்தில் பாட்டிக்கு ஒரு நாளும் முதலிடம் இல்லை. அந்தத் தோட்டம் இன்று செம்பனை. புத்தகம் எங்கே போனதோ!

நம் பல்கலைக்கழகப் போட்டிகளின் அறிக்கையிலும் அதிக ஓட்டம் எடுத்தவர், அதிக கோல் அடித்தவர் என்று இரண்டு வரிதான் எழுதுகிறோம். கடைசி ஓவரை வீசியது யார் என்று இவ்வாண்டாவது ஒரு வரி சேர்ப்போமே.

மாமன் மகன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. 2024இல் நடராஜன் 19 விக்கெட் எடுத்தாரே, அதுதான் அவருடைய சிறந்த பருவம் என்கிறான். அந்த ஆண்டு ஓவருக்கு ஒன்பதுக்கும் மேல் கொடுத்தார் என்று செய்தி அனுப்பியிருக்கிறேன். பதில் வரவில்லை.