பழைய லிமோசினைப் பளபளன்னு ஆக்கினால் போதுமா?

கன்னிவாடியில் எங்க தாத்தா வீட்டுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு தகர ஷெட் இருந்தது. உள்ளே தார்ப்பாய் போட்டு மூடிய பெரிய கார். டயர் கிடையாது, செங்கல் மேல நிற்கும். கோழிகள் அதுக்குள்ளதான் முட்டை வைக்கும். முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு இருந்தது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு. ஒரு லீவுக்குப் போனப்ப காரைக் காணோம். “எடைக்குப் போட்டாச்சு” என்றார்கள். என்ன கம்பெனி, எந்த வருஷத்து வண்டி, யார் வாங்கியது? இன்று ஊரில் யாரைக் கேட்டாலும் பதில் இல்லை.

அந்தக் கண்ணாடித் தடுப்புதான் லிமோசினின் அடையாளம் என்பது ரொம்பப் பின்னாடிதான் எனக்குத் தெரிந்தது.

லிமோசின்னா நீளமான கார் இல்லையா?

நீளம் அப்புறம் வந்த ஃபேஷன். ஓட்டுநருக்குத் தனி இடம், உரிமையாளருக்குத் தனி அறை. இந்தப் பிரிவினைதான் லிமோசின். குதிரை வண்டிக் காலத்துப் பழக்கம் அப்படியே காருக்கு வந்தது. அன்று ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் சேஸிஸும் இன்ஜினும் மட்டும்தான் விற்கும். பாடி கட்டுவது வேறு பட்டறை. மரச் சட்டம், அதன் மேல் அலுமினியத் தகடு, உள்ளே குஷன் வேலை என்று ஒவ்வொரு காரும் கையால் செய்யப்பட்டது. நம்ம சென்னை சிம்ப்சன் நிறுவனமும் 1840-ல் குதிரை வண்டி கட்டும் தொழிலில் தொடங்கி மோட்டாருக்கு வந்ததுதான்.

ஹைதராபாத் கார் சொல்லும் கதை

ஹைதராபாத் சௌமஹல்லா அரண்மனைக்குப் போனால் மஞ்சள் நிறத்தில் 1912-ம் வருட ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் கோஸ்ட் நிற்கும். ஆர்டர் கொடுத்தவர் ஆறாவது நிஜாம் மகபூப் அலி கான். அவர் 1911-ல் இறந்துவிட்டதால் கார் அவர் மகன் உஸ்மான் அலி கானிடம் வந்தது. பாடி கட்டியது லண்டன் பார்க்கர் பட்டறை. பின்னால் சீட்டுக்குப் பதில் அரியணை மாதிரி ஓர் ஆசனம்! விசேஷ ஊர்வலங்களுக்கு மட்டும் எடுத்ததால் அது ஓடிய தூரம் 356 மைல்தான் என்கிறார்கள். பல ஆண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்து, சீரமைக்கப்பட்டு, இப்போது பார்வைக்கு வந்திருக்கிறது.

இது எப்படிச் சாத்தியமானது? பணம் மட்டும் காரணம் இல்லை. இது யாருடைய கார், யார் கட்டினது, எந்த வருஷம் என்ற விவரங்கள் தொலையவில்லை. எங்க ஊர் காருக்கு அதுதான் இல்லாமல் போச்சு.

எங்கே தப்பு நடக்குது?

‘ரெஸ்டோரேஷன்’ என்றாலே நாம் புது பெயின்ட், புது சீட், பளபள குரோம் என்றுதான் நினைக்கிறோம். ஆனால் 1912-ல் கார்களுக்குக் குரோம் பூச்சே கிடையாது, நிக்கல்தான். மங்கலான நிக்கலைச் சுரண்டிட்டு குரோம் பூசினால், அழகு கூடும், ஆதாரம் போயிடும். உளுத்த மரச் சட்டத்தை எடுத்துட்டு இரும்புப் பைப் வைத்தாலும் அதே கதை.

பழைய வாகன மன்றங்களின் சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிவா, 2013-ல் ‘டூரின் சாசனம்’ என்ற நெறிமுறையை ஏற்றது. அதன் சாரம்: முதலில் இருப்பதைக் காப்பாற்று, தேவைப்படும் அளவுக்கு மட்டும் மாற்று, மாற்றியதை எழுதி வை. என் கருத்தும் இதுதான். கீறலும் தேய்மானமும்கூட அந்தக் காரின் வரலாறு.

சட்டம் என்ன சொல்லுது?

2021 ஜூலையில் மத்திய அரசு விதி கொண்டு வந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டி, சேஸிஸ், பாடி, இன்ஜின் பெரிதாக மாற்றப்படாத கார், பைக் எல்லாம் விண்டேஜ். புதுப் பதிவுக்கு ரூ.20,000, பத்து வருஷம் செல்லும், மறுபதிவுக்கு ரூ.5,000. நம்பரில் ‘வி.ஏ.’ என்று வரும். கண்காட்சி, ராலி, பராமரிப்பு மாதிரி தேவைகளுக்கு மட்டும் ரோட்டில் எடுக்கலாம், வாடகைக்கு விட முடியாது. விதி நல்லதுதான். ஆனால் அது சொந்தக்காரர் விண்ணப்பித்தால் மட்டுமே வேலை செய்யும். ஷெட்டில் கிடக்கும் காரைத் தேடி யாரும் வரமாட்டார்கள்.

அதனால உங்க ஊரில், உங்க தாத்தா வீட்டில் அப்படி ஒரு வண்டி கிடந்தால், டிங்கரிங் பட்டறைக்கு அனுப்புறதுக்கு முன்னாடி போனை எடுங்க. நாலு பக்கமும் போட்டோ, சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், ஆர்.சி. புக். அதை ஓட்டின டிரைவர் குடும்பத்தில் யாராவது இருந்தால், அவங்க சொல்றதை ரெக்கார்ட் பண்ணுங்க. மொத்தமா ஒரு மதியம் ஆகும். கோவை ஜி.டி. கார் மியூசியத்துக்கும் ஒரு முறை போய்ப் பாருங்க, கார்களை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று புரியும்.

எங்க தோட்டத்தில் இப்போது ஷெட்டும் இல்லை. அந்தக் கார் நின்ற நாலு செங்கல் மேடு மட்டும் இருக்கு. என்கிட்ட அதோட ஒரு போட்டோகூட கிடையாது.