மேற்கோள் குறிக்கு அரை மதிப்பெண்



மேற்கோள் குறியை விட்டால் அரை மதிப்பெண் குறைப்பேன், நினைவிருக்கும். போன வாரம் அதே குறிக்காக என் மகள் இரவு இரண்டு மணிவரை விழித்திருந்தாள். மேக்ஃபைலில் வெர்ஷனை "2.1" என்று கொடுத்திருக்கிறாள். வழியில் ஷெல் அந்தக் குறிகளைத் தனக்கென்று எடுத்துக்கொண்டது; கம்பைலருக்குப் போனது வெறும் 2.1. எழுத்துச் சரம் வரவேண்டிய இடத்தில் எண்! ஒவ்வொரு குறிக்கு முன்பும் பேக்ஸ்லாஷ் போட்டதும் ஓடியது.

கவனக்குறைவு என்றாராம் மேலாளர். நான் ஒப்பமாட்டேன். ஒரே குறியை இருவர் படித்தால் முதல் ஆள் விழுங்கத்தான் செய்வார். (வகுப்பில் நானும் அந்த மேலாளர்போலத்தான் அதட்டினேன்.) அத்துறையில் இருக்கும் பிள்ளைகளே, வெர்ஷனை ஹெடர் ஃபைலிலேயே எழுதிவிடுங்கள். அங்கே ஷெல் குறுக்கே வராது. புதிதாகச் சேரும் பிள்ளைகளும் நேரத்தோடு தூங்குவார்கள்.