பக்கத்தில் இருப்பவரின் மருந்து

மருந்துச் சீட்டு ஒருவர் பெயருக்கு எழுதப்படுகிறது. மருந்தை உட்கொள்பவரும் அவரே. மருந்தாளுநர்களாகிய நம் நடைமுறைகள் பெரும்பாலும் இந்த ஏற்பாட்டை நம்பி அமைந்தவை. ஓபியாய்டு போதைப்பொருளின் பிடியை முறிக்கும் நலோக்சோன் இதற்குள் அடங்காது. ஹெராயினோ ஃபென்டானிலோ அளவுக்கு மிஞ்சி மூச்சு ஒடுங்கிக் கிடப்பவரால், சட்டைப்பையில் மருந்து இருந்தாலும் எடுத்துப் போட்டுக்கொள்ள முடியாது. அது அவருடைய தாயின் கையில், அறைத்தோழரின் பையில் இருக்கவேண்டிய மருந்து.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா இதைச் சீக்கிரமே உணர்ந்தது. வீட்டுக்குக் கொண்டுபோகும் நலோக்சோன் திட்டத்தை அம்மாகாணம் 2012இலேயே தொடங்கியது. 2016 மார்ச்சில் கனடா அரசு சீட்டுக் கட்டாயத்தை நீக்கியது. ஏப்ரல் 14 அன்று, போதை மரணங்களையொட்டி மாகாணம் பொதுச் சுகாதார நெருக்கடியை அறிவித்தது. அதே ஆண்டு மருந்தகங்களுக்கு வெளியிலும் நலோக்சோன் கிடைக்க வழி பிறந்தது. ஆம்பூல், ஊசி, கையுறை, செயற்கை மூச்சுக்கான முகமூடி எல்லாம் அடங்கிய பை இலவசம்.

அமெரிக்காவில் 1971இல் அனுமதி பெற்ற மருந்து இது. 1996 முதல் சிகாகோவில் தொண்டர்கள் தெருத்தெருவாகக் கொடுத்துவந்தார்கள். ஆனால் மூக்கில் அடிக்கும் 4 மில்லிகிராம் ஸ்பிரேயைச் சீட்டில்லாமல் விற்க 2023 மார்ச்சில்தான் அனுமதி வந்தது. கடைக்கு வந்தபோது இரண்டு டோஸ் கொண்ட பெட்டி சுமார் 45 டாலராக இருந்தது. மருந்துச் சீட்டு போய் விலைச் சீட்டு வந்து நின்றது.

'மருந்து கையில் இருந்தால் துணிந்து போதை ஏற்றுவார்கள்' என்ற பேச்சு நம்மிடையேயும் உண்டு. நலோக்சோன் போதை தருவதில்லை. ஓபியாய்டு பற்றியிருக்கும் ஏற்பியிலிருந்து அதை விலக்குகிறது. பழகிய உடலுக்கு அது வாந்தியும் நடுக்கமுமான விழிப்பு. யாரும் ஆசைப்பட்டுத் தேடிப் போகும் அனுபவம் அல்ல.

நம் வேலை மருந்தை எடுத்துக் கொடுப்பதோடு முடிவதில்லை. அதிக அளவு ஓபியாய்டு மாத்திரை வாங்குபவரிடம் நாமே இந்தப் பேச்சை எடுக்கவேண்டும். முதலில் ஆம்புலன்சை அழைக்கவேண்டும், மூச்சுக் கொடுக்கவேண்டும், ஒரு டோஸ் தரவேண்டும், இரண்டு மூன்று நிமிடங்களில் அசைவில்லையென்றால் அடுத்த டோஸ் தரவேண்டும் என்று சொல்லிக்கொடுக்கவேண்டும். மருந்தின் வேகம் 30 முதல் 90 நிமிடங்களில் தணியும். ஓபியாய்டு அதற்குப் பிறகும் உடலில் தங்கி மூச்சை மறுபடி அமுக்கலாம். ஆகவே கண் விழித்தவரைத் தனியே விட்டுப் போகக்கூடாது.

'யாருக்கு?' என்று கேட்பது நம் கவுன்டர் பழக்கம். நலோக்சோன் கேட்டு வருபவரிடம் அந்தக் கேள்வி வேண்டாம். யாருக்குத் தேவைப்படும் என்பது அவருக்கே இன்னும் தெரியாமல் இருக்கலாம்.